டிரஸ்டியே டிரஸ்ட் கடையை வாடகைக்கு எடுக்கக் கூடாதா? மனச்சாட்சி பற்றி ஒரு கேள்வி

உறையூர்க்காரன்:

வணக்கம். இது பாதி சட்டக் கேள்வி, பாதி தத்துவக் கேள்வி. சட்டப் பாதிக்கு எங்கள் வக்கீல் பதில் சொல்லிவிட்டார். மறுபாதியைக் கேட்டால் "சார், எனக்கு ரெண்டு மணிக்கு கேஸ் இருக்கு" என்கிறார். அதனால் இங்கே வந்திருக்கிறேன்.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பெரியப்பாவுக்கு ஒரே மகள். பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. எனக்குத் தங்கை. தன் காலத்துக்குப் பிறகு அவள் யார் கையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்று பெரியப்பா ஒரு டிரஸ்ட் பத்திரம் எழுதினார். கீழே இரண்டு கடை, மேலே வீடு என்றிருக்கும் கட்டடத்தையும் கொஞ்சம் வங்கி டெபாசிட்டையும் அதில் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நானும் கோயம்புத்தூரில் இருக்கும் அத்தை மகனும் டிரஸ்டிகள். தங்கை மேல்வீட்டில் அவளுடைய சித்தியோடு இருக்கிறாள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட காப்பாளரும் சித்திதான்.

கணக்கு எழுதுவது நான். டிரஸ்டுக்குத் தனிப் பாஸ்புக், தனி ரொக்கப் புத்தகம். வாடகை வரவு, வீட்டு வரி, தண்ணீர் வரி, மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் அதில் உண்டு. 'கண்ணாடி வளையல், இரண்டு டஜன்' என்று ஒரு வவுச்சர் இருக்கும். வளையல் உடைந்தால் தங்கை அழுவாள், அதனால் கூடுதலாகவே வாங்கி வைப்போம். வளையல் கடையில் பில் தர மாட்டார்கள். வெள்ளைத்தாளில் எழுதிச் சித்தியிடம் கையெழுத்து வாங்கி ஒட்டியிருக்கிறேன். பத்து ரூபாய்கூட என் பையில் கலந்ததில்லை.

இப்போது கீழ்க்கடை ஒன்றில் ஸ்டேஷனரி வைத்திருந்தவர் காலி செய்கிறார். என் மகன் ஜெராக்ஸ், பிரிண்டிங் வைக்க இடம் தேடுகிறான். இப்போதைய வாடகையைவிடக் கூடுதலாகத் தருகிறேன், அட்வான்ஸ் தெரு நிலவரப்படி தருகிறேன், என் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அத்தை மகனுக்குச் சம்மதம். சித்திக்கும் சம்மதம். வக்கீல்தான் இந்திய டிரஸ்ட் சட்டம் 1882, பிரிவு 53, டிரஸ்டியே டிரஸ்ட் சொத்தை வாடகைக்கு எடுக்க முடியாது என்று சொல்லிக் கையை விரிக்கிறார்.

சரி என்று வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். 1726-ல் லண்டன் பக்கத்தில் ஒரு சந்தைக் குத்தகை வழக்கு. 1928-ல் நியூயார்க்கில் நீதிபதி கார்டோசோ சொன்ன ஹோட்டல் குத்தகைத் தீர்ப்பு. அதில் அவர், கூட்டாளிக்குச் சந்தைத் தெரு ஒழுக்கம் போதாது, நூலிழை பிசகாத மானம் வேண்டும் என்கிற மாதிரி வர்ணித்திருக்கிறார். எங்கே பார்த்தாலும் வர்ணனைதான். இங்கிலாந்தில் சான்சலர் என்கிற பெரிய நீதிபதி, ராஜாவின் மனச்சாட்சிக் காவலர். அவருடைய கோர்ட், மனச்சாட்சியின் கோர்ட். வருகிறவன் சுத்தமான கையோடு வர வேண்டும்.

என் கேள்வி இதுதான். மூச்சுக்கு முந்நூறு தரம் மனச்சாட்சி என்று பேசுகிற சட்டம், என் மனச்சாட்சி எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறதே, ஏன்? பார்க்காது என்றால் இந்த உருவகமெல்லாம் எதற்கு? 'டிரஸ்டி எடுக்கக் கூடாது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகலாமே.

சிவில்சைடு:

ஐயா, வணக்கம். நான் சிவில் வழக்குகள் மட்டும் பார்க்கிறவள். உங்கள் வக்கீல் சொன்னது சரி, ஆனால் பாதியோடு விட்டுவிட்டார். 53 அடியோடு தடுக்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு எடுக்கலாம். பயனாளிக்கு வெளிப்படையான நன்மை இருந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். "அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை" என்று வாதாடினால் நீதிபதி தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்த 1726 வழக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதையும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. ராம்ஃபோர்டு சந்தையின் வருமானத்துக்கு ஒரு குத்தகை. குத்தகைக்காரர் இறக்கும்போது அதை ஒரு டிரஸ்டியிடம் விட்டுப் போகிறார், பயனாளி சிறுவன். காலம் முடிகிறது. டிரஸ்டி போய்ச் சிறுவனுக்காகப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கிறார். சின்னப் பையனிடம் ஒப்பந்தம் போட்டு நான் யாரிடம் வசூல் பண்ணுவது என்று உரிமையாளர் மறுக்கிறார். அப்புறம் டிரஸ்டி அதைத் தன் பெயரில் எடுத்துக்கொள்கிறார். இதில் எங்கே ஐயா திருட்டு? பையனுக்குத்தான் கிடைக்காது என்றாகிவிட்டதே! ஆனாலும் சான்சலர் கிங் பிரபு, அந்தக் குத்தகையும் லாபமும் பையனுக்கே என்றார். உலகத்தில் அதை எடுக்கக் கூடாத ஒரே ஆள் டிரஸ்டிதான் என்பது கொடுமையாகத் தெரியலாம், ஆனாலும் இந்த விதியைத் துளிகூடத் தளர்த்தக் கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். விட்டுக்கொடுத்தால் அப்புறம் எந்த டிரஸ்டியும் பயனாளிக்காக மனசு வைத்துப் புதுப்பிக்கக் கேட்க மாட்டான் என்பது அவருடைய கணக்கு. அந்த டிரஸ்டி கெட்டவர் என்று அவர் சொல்லவே இல்லை.

இதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. கிங் பிரபுவுக்கு முன்னால் சான்சலராக இருந்தவர் மேக்கிள்ஸ்ஃபீல்டு பிரபு. அந்தக் கோர்ட்டில் மாஸ்டர்கள் என்று அதிகாரிகள் உண்டு. வழக்காடுகிறவர்கள் கட்டும் பணம், அநாதைகள், விதவைகள் பணம் உட்பட, அவர்கள் கையில்தான் இருக்கும். மேக்கிள்ஸ்ஃபீல்டு அந்தப் பதவிகளையே காசுக்கு விற்றார். காசு கொடுத்துப் பதவி வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? கையில் இருந்த பணத்தை ஊக வணிகத்தில் விட்டார்கள். 1720-ல் சவுத் சீ கம்பெனிப் பங்குகள் கவிழ்ந்தபோது பெரிய ஓட்டை தெரிந்தது. 1725-ல் நாடாளுமன்றம் அவரை விசாரித்து 30,000 பவுண்டு அபராதம் போட்டது. ராஜாவின் மனச்சாட்சிக் காவலர் கதை அப்படி! மறு வருஷம் வந்ததுதான் சந்தைத் தீர்ப்பு. அதை மனத்தில் வைத்துத்தான் கிங் எழுதினார் என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை எடுக்கும்போதெல்லாம் எனக்கு முந்தின வருஷத்து நாற்காலிதான் ஞாபகம் வரும்.

பஜார்தம்பி:

இவ்ளோ எதுக்கு சார்? பையன் பேர்ல அக்ரிமெண்ட் போட்டுட்டுப் போங்க. எங்க தெருவுல பாதிக் கடை அப்படித்தான் ஓடுது.

உறையூர்க்காரன்:

தம்பி, சர்வீஸ் முழுக்கச் சங்கங்களில் பினாமிக் கடனைத் தேடித் தேடித் தணிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். மைத்துனர் பெயர், மருமகள் பெயர், செத்துப்போனவர் பெயர்கூடப் பார்த்தாகிவிட்டது. மகன் பெயரில் போடுவது என் பெயரில் போடுவதைவிட மோசம். அதில் மறைக்கிற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

வக்கீலம்மாவுக்கு நன்றி. மேக்கிள்ஸ்ஃபீல்டு கதை தெரியாது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. யாரோ தின்றதற்கு நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

கடைசிபெஞ்ச்:

உறையூர் ஐயாவுக்கு வணக்கம். சட்டக் கல்லூரியில் ஈக்விட்டி, அதாவது சான்சலர் கோர்ட்டில் வளர்ந்த நியாய விதிகள், நடத்தி ஓய்ந்தவன். கேள்வி எனக்குப் பிடித்த இடத்தைத் தொடுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில், உங்கள் மனச்சாட்சியைக் கோர்ட் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, "ரொம்ப நல்ல மனுஷன், லாபத்தை எடுத்து வை" என்று சொல்லும். அன்றைக்கு இங்கிலாந்தின் கடைசி மேல்முறையீட்டுக் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபையில் 1966-ல் போர்டுமேன் வழக்கில் அதுதான் நடந்தது. ஒரு குடும்ப டிரஸ்டிடம் ஒரு கம்பெனியின் பங்குகள் கொஞ்சம் இருந்தன. கம்பெனி சரியாக நடக்கவில்லை. டிரஸ்டின் சொலிசிட்டரான, அதாவது சட்ட ஆலோசகரான போர்டுமேன், குடும்பத்தில் ஒருவரோடு சேர்ந்து தன் பணத்தைப் போட்டு மீதிப் பங்குகளை வாங்கி, கம்பெனியை நிமிர்த்திவிட்டார். டிரஸ்டுக்கும் நல்ல லாபம், அவருக்கும் நல்ல லாபம். யாரையும் ஏமாற்றவில்லை என்று நீதிபதிகளே ஒத்துக்கொண்டார்கள். இருந்தும் டிரஸ்டுக்காக நடமாடும்போது கிடைத்த தகவலையும் வாய்ப்பையும் வைத்துச் சம்பாதித்தது என்பதால், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், லாபத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கூடவே, உழைப்புக்குத் தாராளமாகக் கூலி கொடுக்கவும் சொன்னார்கள். குற்றம் இல்லாமலே பொறுப்பு! கிரிமினல் சட்டத்தில் ஊறியவர்களுக்கு இது ஜீரணமே ஆகாது. அந்தத் தீர்ப்பு கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் ஒரு எண்ணம் உண்டு. மாற்றுத் தீர்ப்பு எழுதிய அப்ஜான் பிரபு பக்கம்தான் நான் எப்போதும் சாய்வேன். வகுப்பில் மட்டும் சொன்னதில்லை.

இனி உருவகத்துக்கு வருகிறேன். 1880-ல் ஹாலெட் வழக்கு. ஹாலெட் ஒரு சொலிசிட்டர். கட்சிக்காரருடைய பத்திரங்களை விற்றுப் பணத்தைத் தன் சொந்த வங்கிக் கணக்கில் போட்டுக் கலந்துவிட்டார். அப்புறம் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துச் செலவழித்தார். இறந்துபோனார். கணக்கில் கொஞ்சம் மீதி இருந்தது. செலவானது யார் பணம், நிற்பது யார் பணம்? ரூபாய் நோட்டுக்கு நிறமா இருக்கிறது? ஜெசல் நீதிபதி சொன்ன விடை இது: ஒரு காரியத்தை நேர்மையாகவும் செய்திருக்கலாம், அயோக்கியத்தனமாகவும் செய்திருக்கலாம் என்றால், அயோக்கியத்தனமாகத்தான் செய்தேன் என்று சொல்ல அவனுக்கே உரிமை கிடையாது. ஆகவே முதலில் தன் காசைத்தான் செலவழித்தான், கட்சிக்காரர் காசைத் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீதி கட்சிக்காரருக்கு.

யோசித்துப் பாருங்கள். அடுத்தவர் பணத்தில் கை வைத்தவனை, பணத்தை மீட்பதற்காகவே யோக்கியன் என்று கோர்ட் பாவிக்கிறது. இது அவனைப் பற்றிய வர்ணனையே கிடையாது.

1903-ல் ஓட்வே என்று ஒரு டிரஸ்டி. அவர் கலந்த கணக்கிலிருந்து முதலில் பங்குகள் வாங்கினார், அப்புறம் மீதியை ஊதித் தள்ளிவிட்டார். ஹாலெட் விதியை அப்படியே வைத்தால் முதலில் எடுத்தது அவருடைய சொந்தப் பணம், பங்குகளும் அவருடையவை. கோர்ட் அந்த விளையாட்டுக்கு வரவில்லை. அந்தப் பங்குகளை டிரஸ்ட் பிடித்துக்கொள்ளலாம் என்றது. யோக்கியன் என்ற பாவனை பயனாளிக்கு உதவுகிறவரைதான். உதவாத இடத்தில் அந்த வேஷத்தைக் கழற்றிவிடுவார்கள்.

தணிக்கைக்காரரான உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். டிரஸ்டியிடம் கணக்குக் கேட்டு வழக்குப் போட்டால், அனுமதி இல்லாத செலவைக் கோர்ட் ஏற்காமல் தள்ளும். நடந்த செலவு நடக்கவே இல்லை என்று பேரேட்டைத் திருத்துகிறது. பணம் இன்னும் பெட்டியில் இருக்கிறது, எடுத்து வை என்கிறது. பெட்டி காலி என்பது அவர்களுக்கும் தெரியும். 'செய்ய வேண்டியதைச் செய்ததாகவே ஈக்விட்டி கருதும்' என்று ஒரு பழைய வாசகம் உண்டே, அதன் முழு அர்த்தம் இங்கேதான் தெரியும். சட்டம் தன் முன்னால் நிறுத்துவது உங்களை இல்லை ஐயா. இந்தச் சொத்துக்கு இருந்திருக்க வேண்டிய ஒரு டிரஸ்டியை நிறுத்திவிட்டு, நீங்கள் அவர் மாதிரியே நடந்திருந்தால் பேரேடு எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்டுகிறது. வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். அது பேசுகிற மனச்சாட்சி அந்த ஆளுடையது.

ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் பக்கம் போனால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், ஆனாலும் ஒரு பாரா. தனி மனிதனின் மனச்சாட்சியை மட்டும் நம்பினால் அது எதையும் நியாயப்படுத்திவிடும் என்பது அவருடைய கவலை. நல்லது என்பது குடும்பம், தொழில், அரசு என்று நாம் நிற்கிற இடங்களில், அந்த இடத்துக்கென்று உள்ள கடமைகளாகத்தான் உயிரோடு இருக்கிறது என்பார். அற வாழ்க்கை என்று அவர் சொன்னது அதைத்தான். உங்கள் தங்கைக்கு நீங்கள் அண்ணன் என்ற முறையில் பாசம் காட்டலாம், தவறு செய்யலாம், மன்னிப்பும் கிடைக்கும். டிரஸ்டி என்ற இடத்தில் உட்கார்ந்ததும் அந்த இடம் உங்களைவிடக் கறாராகிவிடுகிறது.

கல்வெட்டுப்பித்தன்:

கடைசிபெஞ்ச் சார் சொன்ன பாவனை நம் ஊர்க் கல்லிலேயே இருக்கிறது. சோழர் காலத்தில் கோயிலில் நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்கக் கொடை கொடுப்பவர் எண்ணெய்க்குப் பணம் கட்டிவிட்டுப் போக மாட்டார். ஆடு கொடுப்பார். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, அதுவும் இல்லாவிட்டால் 16 எருமை. ஆடுகளை இடையர் பொறுப்பில் விடுவார்கள். யாரிடம் எத்தனை என்று பெயரோடு கல்லில் வெட்டியிருக்கும். அவர் நாள்தோறும் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை.

அப்படிக் கொடுத்த ஆடுகளைக் கல்வெட்டுகள் பலவற்றில் 'சாவா மூவாப் பேராடு' என்றே எழுதியிருக்கிறார்கள். சாகாத, கிழடு தட்டாத ஆடு! எந்த மந்தையில் இருக்கிறது அப்படி ஓர் ஆடு? ஆனால் கல்லில் வெட்டியாகிவிட்டது. ஆகவே செத்ததற்குப் பதில் குட்டியை வளர்த்துச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பாடு. கழிசல் வந்து ஐந்தாறு செத்துப்போச்சு என்று நெய்யைக் குறைக்க முடியாது. ஆடு சாகாது என்று எழுதி, சாகாமல் இருப்பதை ஒரு மனிதன் தலையில் கட்டிவிட்டார்கள். நானறிந்து ஒரு டிரஸ்டின் மூலதனத்தைப் பற்றி இவ்வளவு கெட்டிக்காரத்தனமான உருவகம் வேறில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவன் பாதம் என் தலைமேல் என்று கொடையாளி எழுதி வைப்பது வழக்கம். அழித்தவனுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம். சாபத்தை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது பாதம். இன்னும் பிறக்காத, முகம் தெரியாத ஒரு பொறுப்பாளியின் காலைக் கொடையாளி, அரசனே ஆனாலும், தன் தலையில் வாங்கிக்கொள்கிறான்.

உறையூர்க்காரன்:

சாவா மூவாப் பேராடு! சங்க இருப்பில் நான் கேட்டதெல்லாம் இதைத்தானே. இருப்புப் பதிவேட்டில் நூறு மூட்டை என்றால் கிடங்கில் நூறு இருக்க வேண்டும், எலி தின்றது என்று சொல்லாதே என்பேன். இப்போது புரிகிறது. எலியை நான் நம்பாமல் இல்லை. ஆனால் எலியை நம்ப ஆரம்பித்தால் அப்புறம் கிடங்கே இருக்காது.

ஆனால் இதில் எனக்கு ஒரு நெருடல். உருவகம் இந்த மாதிரிக் கணக்கோடு கட்டிப்போட்டிருக்கிறவரை சரி. கட்டை அவிழ்த்துவிட்டால்? காந்தி விஷயம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தும். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் கீதை படித்துக்கொண்டு, பொருள் வேண்டாம் என்பதை எப்படி நடத்திக் காட்டுவது என்று தவிக்கிறார். அப்போது லண்டனில் படித்த ஸ்னெல்லின் ஈக்விட்டிப் புத்தகம் உதவிக்கு வருகிறது. டிரஸ்டியிடம் எவ்வளவு சொத்து இருந்தாலும் அதில் ஒரு பொட்டுக்கூடத் தன்னுடையது என்று நினைக்க மாட்டான், முக்தி வேண்டுகிறவனும் அப்படி இருக்க வேண்டும் என்று பிடித்துக்கொள்கிறார். பம்பாயில் எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியைக்கூட விட்டுவிடுகிறார். தன் வாழ்க்கைக்கு அவர் எடுத்துக்கொண்டது வேறு, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பின்னால் அதையே மில் முதலாளிக்கும் ஜமீன்தாருக்கும் சொன்னார். நீ டிரஸ்டி மாதிரி இரு என்றார். அங்கே பயனாளி யார்? மில் தொழிலாளி. அவன் போய்ப் பேரேட்டைக் காட்டு என்று கேட்க முடியுமா? பயனாளி கணக்குக் கேட்க முடியாத டிரஸ்டை நான் டிரஸ்ட் என்று சொல்ல மாட்டேன். தணிக்கை இல்லாத சங்கத்தில் தலைவர் நல்லவர் என்று சொல்கிற கதை அது.

கடைசிபெஞ்ச்:

நீங்கள் சொன்னதை 1783-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் சொல்லிவிட்டார். அதுவும் நம் நாட்டைப் பற்றித்தான். கிழக்கிந்தியக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் ஃபாக்ஸ் மசோதா மீது பேசும்போது, அதிகாரம் என்பதெல்லாம் ஒரு டிரஸ்ட், கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எந்த டிரஸ்டுக்கும் உயிர்நாடி என்கிற கருத்தை வைத்தார். மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. அது வேறு கதை.

ஆனால் காந்தியிடம் கொஞ்சம் கறாராக இருக்கிறீர்கள் என்று படுகிறது. கடைசிக் காலத்தில் அவர் பார்த்துத் திருத்திக் கொடுத்த ஒரு தர்மகர்த்தா (டிரஸ்டி) கொள்கை வரைவு இருக்கிறது. சொத்துரிமையையும் அதன் பயன்பாட்டையும் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்துவதை இந்தக் கொள்கை விலக்கவில்லை என்று அதில் வெளிப்படையாகவே உண்டு. குறைந்தபட்சக் கூலி வேண்டும், வருமானத்துக்கு மேல்வரம்பும் வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியை முதலாளிகள் மேடையில் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

கோர்ட்டும் இதே உருவகத்தை அவிழ்த்துவிட்டிருக்கிறது. பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்காக ஆற்றின் போக்கையே திருப்பிய வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் ஆறும் காடும் அரசிடம் டிரஸ்டாக இருக்கின்றன என்றது. அங்கே பயனாளி நாம் எல்லாரும். யாரும் போய்க் கணக்குக் கேட்கலாம். அதனால் அதற்குக் கொஞ்சம் பல் இருக்கிறது.

பஜார்தம்பி:

நான் ஒரு வரி சொன்னதுக்கு ஆத்தையே திருப்பிட்டீங்க.

சிவில்சைடு:

பேச்சு எங்கே போனாலும் மனு ஒன்று தயாராக வேண்டுமே. ஐயா, போடுவதானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். கடைக்கு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் வாடகை மதிப்பீடு வாங்குங்கள். வெளியாள் யாராவது எழுத்தில் கேட்டிருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், உங்களைவிட அதிகம் கேட்டிருந்தால் கட்டாயம் சேர்க்க வேண்டும். அத்தை மகனும் சித்தியும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் போடட்டும், உங்கள் வக்கீலே எழுதிக் கொடுக்காமல். சித்தியின் சம்மதம் தங்கையின் சம்மதம் ஆகிவிடாது. தங்கை சார்பில் தனியாக ஒருவரைக் கேட்கலாம் என்று நீதிபதி நினைத்தால் அதை எதிர்க்காதீர்கள்.

அதோடு ஒரு கேள்வி. நீதிபதி கட்டாயம் கேட்பார் என்பதால் முதலிலேயே நான் கேட்டுவிடுகிறேன். ஜெராக்ஸ் கடை ஓடவில்லை, நான்கு மாத வாடகை பாக்கி. நோட்டீஸ் அனுப்ப வேண்டியவர் யார்? டிரஸ்டி. வாங்க வேண்டியவர்? நீங்கள். அந்தக் கடிதத்தை எந்த வேகத்தில் எழுதுவீர்கள்? நீங்கள் நல்லவர்தான். ஆனால் நல்ல அப்பா கொஞ்சம் பொறுப்பார். நல்ல டிரஸ்டி மறுநாளே எழுதுவார். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உறையூர்க்காரன்:

அம்மா, இதை அப்படியே மகனிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தான். "நாலு மாசம் எல்லாம் இல்லப்பா. அஞ்சாம் தேதி வாடகை வரலன்னா ஆறாம் தேதி காலைல நீங்க ரொக்கப் புத்தகத்தோட கடைக்கு வந்து நிப்பீங்க. எனக்கு வேணாம். நான் சாலை ரோட்டிலேயே பாத்துக்கிறேன்" என்றான். அவன் பயப்படுவது சட்டத்துக்கு இல்லை, எனக்கு.

அதனால் மனு போடவில்லை. ஆனால் கடைசிபெஞ்ச் ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கற்பனை டிரஸ்டி இருக்கிறாரே, அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. அவருக்கு மகன் கிடையாது, பென்ஷன் கிடையாது, முழங்கால் வலி கிடையாது. வங்கிக்குப் போய் டெபாசிட்டைப் புதுப்பிக்க வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பிரிவு 50 டிரஸ்டிக்குச் சம்பளம் கிடையாது என்கிறது. பத்திரத்தில் எழுதியிருந்தால் உண்டு, பெரியப்பா எழுதவில்லை. கோர்ட் போர்டுமேனுக்குக் கூலி கொடுத்த மாதிரி எனக்கு ஆட்டோ காசாவது கிடைக்குமா?

சிவில்சைடு:

ஆட்டோ காசு கிடைக்கும் ஐயா. டிரஸ்ட் வேலைக்காக நியாயமாக ஆன செலவை டிரஸ்ட் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், பிரிவு 32. இத்தனை நாள் எழுதாமலா இருந்தீர்கள்? இனிமேலாவது வவுச்சர் வையுங்கள்.

உறையூர்க்காரன்:

வைக்கிறேன். கடை வாசலில் 'வாடகைக்கு' போர்டு மாட்டியாயிற்று. இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மருந்துக்கடை, இன்னொருவர் டீக்கடை. டீக்கடைக்காரர் வாடகை அதிகம் தருகிறேன் என்கிறார். மேலே தங்கைக்குப் புகை ஆகாது. கூடுதல் வாடகையை விட்டுவிட்டு மருந்துக்கடைக்குக் கொடுத்தால், பயனாளிக்கு வருமான இழப்பு செய்ததாக என்மேல் வருமா? இல்லை, சித்தியிடம் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தால் போதுமா?